பனிக்கட்டியில் வழுக்கி விழாமல் இருக்கவும், விழுந்தால் சமாளிக்கவும்: முழுமையான வழிகாட்டி

வழுக்கும் என்று தெரிந்த இடத்தில் உடம்பு தானாகவே ஜாக்கிரதையாகிவிடும். காலை வாரிவிடுவது பெரும்பாலும் வழுக்காது என்று நாம் நம்பிய இடம்தான். கதவைத் திறந்து வெளியே வைக்கும் முதல் அடி, காரிலிருந்து இறக்கும் கால், வாசல் படிக்கட்டின் கடைசிப் படி, குப்பை போட வீட்டுச் செருப்போடு ஓடும் அந்தப் பத்தடி தூரம். இந்த எல்லா இடங்களிலும் நாம் அவசரத்தில் இருப்போம், மனம் வேறு எங்கோ இருக்கும்.

விழுந்த பிறகும் அதே அவசரம்தான் இன்னொரு ஆபத்தைக் கொண்டுவருகிறது. யாராவது பார்த்துவிட்டார்களா என்ற கூச்சத்தில் சட்டென்று எழப் பார்ப்போம். உடைந்த எலும்பு விலகுவதும், அதே இடத்தில் மறுபடி விழுவதும் அப்போதுதான். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க, எந்தெந்த இடத்தில் நிதானிக்க வேண்டும் என்பதையே முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

படி 1: எங்கே, எப்போது உறையும் என்று கணிப்பது

குளிர் அதிகமானால் வழுக்கலும் அதிகமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பவருக்கு மிக மோசமானது 0 டிகிரி செல்சியஸை ஒட்டிய நேரம். அப்போது பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். காலணியின் அடிப்பாகத்துக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே அந்த நீர் புகுந்துகொண்டால் பிடிப்பே இருக்காது. மைனஸ் 20 போன்ற கடுங்குளிரில் பனிக்கட்டி காய்ந்து கிடக்கும். அப்போதும் வழுக்கும்தான், ஆனால் ஈரப் பனிக்கட்டி அளவுக்கு இல்லை.

வானிலை அறிக்கையில் 2 அல்லது 3 டிகிரி என்று பார்த்துவிட்டு, உறையாது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அந்த அளவு தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் எடுக்கப்படுவது. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, காற்றைவிட இன்னும் குளிர்ந்துவிடும். காற்று பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்போதே தரையில் ஈரம் உறைந்திருக்கும்.

அதிகம் பயப்பட வேண்டியது, பிளாக் ஐஸ் என்று சொல்லப்படும் கண்ணுக்குத் தெரியாத படலம். உண்மையில் அதற்குக் கறுப்பு நிறம் கிடையாது. கண்ணாடி போல் தெளிவாக இருப்பதால் அடியிலிருக்கும் தாரின் நிறம் அப்படியே தெரிகிறது, அவ்வளவுதான். சாலை வெறுமனே நனைந்திருப்பதுபோல் தோன்றும். குளிர்காலத்துக் காலையில் மழையே இல்லாமல் தரை ஈரமாக மினுமினுத்தால், அது உறைந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பாலங்கள் அடியிலும் குளிர்காற்று படுவதால் சீக்கிரம் உறையும். கட்டட நிழல், மரத்தடி, சாக்கடையின் இரும்பு மூடி, வண்டிகள் ஓடித் தேய்த்து மெழுகிய பனி ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

பகலில் வெயிலில் உருகி, சூரியன் இறங்கியதும் மறுபடி உறையும் சுழற்சியை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மதியம் நனைந்திருந்த நடைபாதை, மாலை வேலை முடிந்து திரும்பும்போது கண்ணாடியாகியிருக்கும். அதன்மேல் இரவில் இரண்டு விரல் அளவுக்குப் புதுப்பனி விழுந்து மூடிவிட்டால் இன்னும் மோசம். மேலே மிருதுவாகத் தெரியும், அடியில் வழுக்கு.

படி 2: நடக்கும் பாதையைச் சரிசெய்வது

வீட்டைச் சுற்றி ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பனிக்கட்டி பெரும்பாலும் அதே இடங்களில்தான் திரும்பத் திரும்பப் படியும். கூரையிலிருந்து வரும் மழைநீர்க் குழாய் நடைபாதையில் கொட்டுகிறதா, தோட்டத்துக் குழாய் கசிகிறதா, ஒதுக்கிக் குவித்த பனி மேட்டிலிருந்து உருகிய நீர் வழியில் ஓடி வருகிறதா? குழாயின் வாயைத் திருப்பிவிடுவதும், பனியைச் சரிவின் கீழ்ப்பக்கத்தில் குவிப்பதும் அரை மணி நேர வேலை. குளிர்காலம் முழுக்க உப்பு கொட்டுவதைவிட இது நல்லது என்பது என் கருத்து.

பனி விழுந்ததும், காலடி பட்டு இறுகுவதற்கு முன் தள்ளிவிடுங்கள். இறுகிய பிறகு மண்வாரியால் கொத்த வேண்டியிருக்கும். அதற்கப்புறம்தான் உப்பு. உப்பு வேலை செய்வது பனிக்கட்டியோடு கலந்து உப்புநீராகி, அதன் உறைநிலையைக் குறைப்பதால். சாதாரண உப்பான சோடியம் குளோரைடு ஏறக்குறைய மைனஸ் 9 டிகிரி வரைதான் நன்றாக உருக்கும். அதற்குக் கீழே மிக மெதுவாகிவிடும், அப்போது கால்சியம் குளோரைடு கலந்தது தேவை. கடுங்குளிரில் எந்த உப்பையும் நம்பாமல் மணலோ பொடிக்கற்களோ தூவுவதே மேல். மணல் எதையும் உருக்காது. ஆனால் காலுக்கு உடனே பிடிப்புக் கொடுக்கும், குளிர் எவ்வளவு இறங்கினாலும் கொடுக்கும்.

உப்பைக் குவியலாகக் கொட்டினால் வேகமாக உருகும் என்பது தவறு. உப்புக் கற்களுக்கிடையே இரண்டு மூன்று அங்குல இடைவெளி இருக்கும்படி தூவினாலே போதும். மிஞ்சியது மண்ணையும் செடியையும் சிமென்ட்டையும் கெடுக்கும், நாய், பூனையின் பாதங்களை எரிக்கும். இரவில் உறையப்போகிறது என்று தெரிந்தால் மாலையிலேயே தூவுங்கள். ஒட்டிய பனிக்கட்டியைப் பிரிப்பதைவிட ஒட்டாமல் தடுப்பதற்குக் குறைந்த உப்பே போதும். வெந்நீர் மட்டும் ஊற்றவே வேண்டாம். கொஞ்ச நேரத்தில் அது உறைந்து, முன்பிருந்ததைவிட வழவழப்பான தளமாகிவிடும்.

ஒரு சின்ன ஏற்பாடு: மணலோ உப்போ நிறைந்த வாளியைக் கதவுக்கு *உள்ளே* வையுங்கள். வெளியே கொட்டகையில் வைத்தால் அதை எடுக்கப் போகும் வழியிலேயே விழலாம்.

படி 3: காலில் என்ன போடுவது

அடிப்பாகம் மென்மையான ரப்பராக, ஆழமான வரிகளோடு, அகலமான தட்டைக் குதிகாலோடு இருக்க வேண்டும். குளிரில் இறுகிப்போகும் பிளாஸ்டிக்கும் வழவழப்பான தோல் அடிப்பாகமும் ஆகாது. வரிகள் தேய்ந்துபோன பழைய பூட்ஸ், எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும், பனிக்கட்டியில் நடக்க உதவாது. அதேபோல் நல்ல ரப்பர் கூட, ஈரப் பனிக்கட்டியின் மேல் ஓரளவுக்குத்தான் பிடிக்கும்.

அந்த நிலைமைக்கு பூட்ஸின் மேல் இழுத்து மாட்டும் முள் பட்டைகள் கிடைக்கின்றன. சிறிய உலோக முனைகள் பனிக்கட்டிக்குள் இறங்கிப் பிடிக்கும். வயதானவர்களுக்கும் முன்பு விழுந்தவர்களுக்கும் இதை நான் தயங்காமல் சொல்வேன். ஒரு எச்சரிக்கை உண்டு: அதே முட்கள் டைல்ஸ், கருங்கல், உலோகத் தரையில் சறுக்கும். கடைக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ நுழையும் முன் உட்கார்ந்து கழற்றிவிட வேண்டும். மாட்டுவதும் உட்கார்ந்துதான், ஒற்றைக் காலில் நின்று மாட்டப்போய் விழ வேண்டாம். கைத்தடி வைத்திருப்பவர்கள் அதன் முனைக்கு மடக்கக்கூடிய ஐஸ் முள்ளைப் பொருத்திக்கொள்ளலாம்.

படி 4: நடக்கும் விதம்

சாதாரணமாக நடக்கும்போது குதிகால் முதலில் தரையைத் தொடும், உடல் எடை இரண்டு கால்களுக்கும் நடுவே இருக்கும். வழுக்கலில் அந்தக் குதிகால்தான் முன்னே ஓடிப்போய் நம்மைப் பின்பக்கமாகச் சாய்க்கிறது. பென்குயின் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போலவே சின்னச் சின்ன அடி, பாதம் முழுதும் ஒரே நேரத்தில் தட்டையாகப் பதிய வேண்டும். கால்களைக் கொஞ்சம் அகற்றி, விரல்களை லேசாக வெளிப்பக்கம் திருப்பி, முழங்காலைத் தளர்த்தி, உடலைச் சற்று முன்னால் சாய்த்து, முன்காலின் மேலேயே எடையை வைத்து நடங்கள். பார்க்க நன்றாக இருக்காது. பரவாயில்லை.

கைகளைச் சட்டைப் பையில் விட வேண்டாம். அவை வெளியே இருந்தால்தான் தடுமாறும்போது சமநிலையைக் காக்கும். குளிர்கிறது என்றால் கையுறை போடுங்கள். சுமையைக் கையில் தொங்கவிடாமல் முதுகுப்பையில் போடுங்கள். கைப்பேசியை நின்ற பிறகு பாருங்கள்.

காரிலிருந்து இறங்கும்போது ஒரு காலை வெளியே வைத்து அதன்மேல் எழுவது நம் எல்லோருக்கும் பழக்கம். பனிக்கட்டியில் அதைக் கைவிட வேண்டும். இருக்கையிலேயே திரும்பி, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, காலால் தேய்த்து வழுக்குகிறதா என்று பார்த்து, கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி எழுங்கள்.

படிக்கட்டு எல்லாவற்றிலும் மோசமானது, ஏனென்றால் விழுந்தால் உருண்டு போவோம். ஒரு கை எப்போதும் கைப்பிடிக் கம்பியில் இருக்கட்டும். ஒரு படியில் இரண்டு பாதங்களையும் சேர்த்த பிறகே அடுத்த படி. சரிவான பாதையில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்குங்கள், அல்லது ஓரத்துப் புல்லிலும் இறுகாத பனியிலும் நடங்கள். அங்கே கால் பதியும். சுற்றுவழியில் போனால் ஐந்து நிமிடம் கூடுதலாகும் என்றால், அந்த ஐந்து நிமிடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

படி 5: கால் வாரிவிட்டால்

யோசிக்க நேரம் இருக்காது. முன்பே மனதில் ஓட்டிப் பார்த்திருந்தால் ஓரளவு உதவும். கையில் இருப்பதை விட்டுவிடுங்கள். பாலும் முட்டையும் போனால் போகட்டும். முகவாயை நெஞ்சோடு சேர்த்து வையுங்கள்; பின்பக்கம் விழும்போது பின்மண்டை தரையில் மோதாமல் இருக்க இதுவே பெரிய பாதுகாப்பு. முழங்காலை மடித்து உடலைத் தாழ்த்தினால் விழும் உயரம் குறையும். கையை விறைப்பாக நீட்டி ஊன்றக் கூடாது, முழங்கை மடங்கியிருக்கட்டும். முடிந்தால் பக்கவாட்டில் திரும்பி, தொடை, பிட்டம், தோள் என்று சதைப்பற்றான இடங்களில் அடியைப் பரப்பி உருண்டு விழுங்கள். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு நேரடியாகத் தரையில் மோதுவது ஆபத்து என்பதால், அவர்களுக்கு விழும் முறையைச் சொல்லித்தருவதைவிட முந்தைய நான்கு படிகளில் கவனம் செலுத்துவதே சரி.

படி 6: விழுந்த பின் முதல் நிமிடம்

எழாதீர்கள். வண்டி வரும் பாதையில் கிடந்தால் மட்டும் ஓரத்துக்கு நகருங்கள். மற்றபடி அப்படியே கிடந்து மூச்சை இழுத்து விடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பாருங்கள். தலை மோதியதா? கழுத்து வலிக்கிறதா? கை, கால் விரல்களை அசைக்க முடிகிறதா, மரத்துப்போயிருக்கிறதா? மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எங்கே வலி? அதிர்ச்சியில் வலி தாமதமாகத்தான் தெரியும் என்பதால் இந்த ஒரு நிமிடம் முக்கியம்.

கழுத்திலோ நடுமுதுகிலோ கடும் வலி, கைகால் மரத்துப்போதல், ஒரு காலை அசைக்கவே முடியாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் எழ முயலாமல் அவசர உதவி எண்ணை அழையுங்கள். தனியாக நடப்பவர்கள் கைப்பேசியைத் தோள்பையில் வைக்காமல், படுத்தபடியே எட்டும் உடைப் பையில் வைப்பது இதற்காகத்தான்.

பெரிய அடி இல்லை என்றால் இப்படி எழுங்கள்:

1. பக்கவாட்டில் புரண்டு, கைகளாலும் முழங்கால்களாலும் தவழும் நிலைக்கு வாருங்கள். மணிக்கட்டு வலித்தால் முழங்கையை ஊன்றுங்கள்.
2. அந்த நிலையிலேயே புல், கரடுமுரடான பனி, அல்லது பிடிக்க ஏதாவது இருக்கும் இடத்துக்குத் தவழ்ந்து போங்கள். பனிக்கட்டியின் மேலேயே எழ வேண்டாம்.
3. வலுவான காலின் பாதத்தை இரண்டு கைகளுக்கு நடுவே தட்டையாக ஊன்றுங்கள்.
4. பிடிப்பையோ முழங்காலையோ அழுத்தி மெதுவாக எழுங்கள். எழுந்ததும் நடக்காமல் சற்று நின்று, தலைசுற்றல் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 7: எங்கே அடி, என்ன செய்ய வேண்டும்

*தலை.* இதில் சமாதானம் சொல்லிக்கொண்டு தள்ளிப்போடவே கூடாது. நினைவு தப்பியது, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு கண்மணி பெரிதாக இருப்பது, வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீரோ ரத்தமோ வருவது, எழுப்ப முடியாத தூக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. வார்ஃபரின், அபிக்ஸபான் போன்ற, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை சாப்பிடுபவர்களும், 65 வயதைத் தாண்டியவர்களும் தலையில் அடிபட்டால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் அன்றே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவர் பார்த்துப் பயமில்லை என்று அனுப்பிவிட்டால் தூங்கலாம். தூங்கவே விடக் கூடாது என்ற பழைய பயம் தேவையில்லை. ஆனால் முதல் 24 மணி நேரம் பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும். வண்டி ஓட்ட வேண்டாம், மது வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் ரத்தப்போக்கைக் கூட்டக்கூடும் என்பதால் அவற்றைத் தவிருங்கள். ஏற்கனவே மருத்துவர் சொல்லித் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தாமல் கேட்டுச் செய்யுங்கள்.

*மணிக்கட்டு.* நீட்டிய கையில் விழுவதால் வரும் முறிவுகளில் மிகப் பழக்கமானது முன்கை எலும்பு மணிக்கட்டுக்கு அருகில் உடைவது. டப்ளினைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஏப்ரகாம் காலிஸ் 1814-லேயே, எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு 80 ஆண்டுகளுக்கு முன், இதை விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள். மோதிரம், வளையல், கடிகாரம் ஆகியவற்றை *உடனே* கழற்றுங்கள், வீக்கம் வந்த பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். மடித்த பத்திரிகையையோ அட்டையையோ அடியில் வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, கழுத்திலிருந்து தூக்குக் கட்டுப் போட்டு, மருத்துவமனைக்குப் போங்கள். கோணலாக இருந்தால் நேராக்க முயல வேண்டாம்.

கட்டைவிரலின் அடியில், விரலை விரித்தால் ஒரு குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலிக்கிறது என்றால் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அங்கிருக்கும் சிறிய ஸ்கஃபாய்டு எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். ஆகவே முதல் படம் சரியாக இருந்தாலும் கட்டைவிரலை அசையாமல் கட்டி, பத்து முதல் பதினான்கு நாள் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. வெறும் சுளுக்கு என்று விட்டால் சேராமலேயே போய், பின்னால் பெரிய தொல்லையாகிவிடும்.

*இடுப்பு.* விழுந்த முதியவரின் ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் இடுப்பு முறிவு என்றே கருதுங்கள். நகர்த்த வேண்டாம், அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம், ஆம்புலன்ஸை அழையுங்கள். முறிந்த பின்னும் சிலர் எழுந்து நடந்துவிடுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தொடை இடுக்கில் வலி நீடித்தால் எக்ஸ்ரே அவசியம்.

*கணுக்கால்.* கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-ல் வெளியிட்ட எளிய விதிகள் இன்றும் பயன்படுகின்றன. விழுந்த உடனேயும் பிறகு மருத்துவரிடமும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இருபக்க எலும்பு மேடுகளின் பின்விளிம்பில் அழுத்தினால் வலித்தாலோ, பாதத்தின் நடுப்பகுதியில் வெளிப்பக்க எலும்பிலோ உட்பக்க எலும்பிலோ அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இல்லையென்றால் பெரும்பாலும் சுளுக்குத்தான். துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம், காலை உயர்த்தி வைத்தல், பட்டைக் கட்டு. வெறும் பனியைத் தோலில் வைத்துக் கட்டாதீர்கள், தோல் உறைந்து புண்ணாகும்.

*வால் எலும்பும் முதுகும்.* உட்கார்ந்தால் வலி, வாரக்கணக்கில் நீடிக்கும்; நடுவே பள்ளமுள்ள மெத்தை உதவும். ஆனால் சிறுநீர் கழிக்க முடியாமை, கட்டுப்பாடின்றிப் போதல், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போதல் ஆகியவை நரம்பு நசுங்குவதன் அறிகுறிகள். இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

படி 8: வேறொருவர் விழுந்து கிடந்தால்

ஓடாதீர்கள். அவரை வீழ்த்திய பனிக்கட்டி உங்களையும் வீழ்த்தும். கால்மிதி, மணல், அட்டைப்பெட்டி என்று கிடைத்ததைப் போட்டு அணுகுங்கள். கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதும் கூடாது. தோள் மூட்டு விலகலாம், இருவரும் விழலாம். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். எழ முடிந்தவர் தானே எழட்டும், நீங்கள் நாற்காலியைக் கொண்டுவந்து பிடித்துக்கொள்ளுங்கள்.

எழ முடியாதவருக்குக் காயத்தைவிடக் குளிர் வேகமாகக் கெடுதல் செய்யலாம். உறைந்த தரை உடல் வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மேலே மட்டும் போர்த்தினால் போதாது. முதுகெலும்பில் அடிபட்ட சந்தேகம் இல்லையென்றால், அடியிலும் கோட்டு, போர்வை, பை எதையாவது நுழையுங்கள். தலையையும் மூடுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று குழறிப் பேசினால், உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது என்று ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொல்லுங்கள். சூடேற்றுகிறேன் என்று மது மட்டும் கொடுக்கவே வேண்டாம்.

படி 9: அதற்கடுத்த நாட்கள்

விழுந்த இடம் பொது இடமோ வேலையிடமோ என்றால், உருகுவதற்கு முன் அந்த இடத்தையும் உங்கள் காலணியையும் படம் எடுத்து, நேரத்தைக் குறித்து, பொறுப்பாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்தவர் விழாமல் இருக்கவும் இது வேண்டும்.

தலையில் அடிபட்ட முதியவரை வாரக்கணக்கில் கவனியுங்கள். மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் இரண்டு மூன்று வாரம் கழித்தும், சில சமயம் இன்னும் தாமதமாகவும், மறதி, தடுமாற்ற நடை, தலைவலி என்று வெளிப்படலாம். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல், இந்தக் குளிர்காலத்தில் விழுந்தார் என்பதை மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள்.

மாவுக்கட்டு பிரித்ததும் வேலை முடிவதில்லை. மீண்டும் விழுந்துவிடுவோமோ என்று வீட்டுக்குள்ளேயே இருந்தால் தசை தளர்ந்து, சமநிலை இன்னும் கெடும். சமையலறை மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது, ஒரு பாதத்தின் விரலோடு மற்றதன் குதிகாலை ஒட்டவைத்து நேர்கோட்டில் நடப்பது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது ஆகியவற்றைத் தினமும் செய்யுங்கள். தாய்ச்சி என்ற, மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சியும் விழுவதைக் குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதல் முறை மறுபடி வெளியே போகும்போது பகலில், துணையோடு, முள் பட்டை மாட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, பலர் செய்யாமல் விடுவது. 50 வயதைத் தாண்டியவருக்கு, நின்ற உயரத்திலிருந்து விழுந்ததிலேயே மணிக்கட்டோ இடுப்போ முறிந்தால், எலும்பே மெலிந்திருக்கலாம். கட்டுப் போட்டு அனுப்பும் அவசரப் பிரிவில் இதைப் பற்றிப் பேச நேரம் இருக்காது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனை தேவையா என்று வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். வைட்டமின் டி அளவையும், தலைசுற்றலோ தூக்கமோ வரவைக்கும் மாத்திரைகளையும் அதே சந்திப்பில் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது.